ஹெரிஃபோர்ட்ஷயர் கிராமத்தில் கைக்குழந்தையோடு முதல் குளிர்காலம்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கணவருக்கு இங்கிலாந்தின் மேற்கில் இருக்கும் ஹெரிஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில், லெம்ஸ்டர் என்ற ஊர்ப் பக்கத்தில் கால்நடை மருத்துவர் வேலை கிடைத்திருக்கிறது. அக்டோபர் நடுவில் வருகிறீர்கள். நான்கு வயது மகள், ஏழு மாதக் கைக்குழந்தை. மாமியாரும் குளிர்காலம் முடியும்வரை உடன் இருப்பார். வேலை தருபவர் கிராமத்தில் பழைய வீடு ஒன்றைக் காட்டியிருக்கிறார். ஹெரிஃபோர்ட் நகரில் சின்ன ஃபிளாட் ஒன்றும் வாடகைக்குக் கிடைக்கிறது. "திருநெல்வேலிக்காரர்கள் நாங்கள் அந்தக் கிராமத்துக் குளிரைத் தாங்குவோமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை டிகிரி என்று தெரிந்துகொள்வதற்காக நீங்கள் இதைக் கேட்கவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ, பேச்சுத் துணைகூட இல்லாத இடத்தில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அந்தப் பயத்துக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் மதுரையில் செவிலியர் படிப்பு முடித்து 2004இல் இங்கிலாந்து வந்தவள். கடந்த 13 ஆண்டுகளாக இந்த மாவட்டத்தில் ஹெல்த் விசிட்டராக இருக்கிறேன். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்ப்பது என் வேலை. நம் ஊர் கிராம சுகாதாரச் செவிலியர் செய்வதற்குப் பக்கத்தில் வரும். அதனால் இந்த ஊர்க் குளிர்காலத்தை நான் அறிந்ததெல்லாம் சமையலறைகளிலும் தொட்டில் ஓரங்களிலும் உட்கார்ந்துதான்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். வாருங்கள், கிராம வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் உங்கள் கையில் கார் ஓட்டும் உரிமம் இருக்க வேண்டும், வீட்டுச் சுவரில் ஈரம் தங்காமல் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் முதல் குளிர்காலத்தை நகர ஃபிளாட்டில் கழித்துவிட்டு ஏப்ரலில் கிராமத்துக்குப் போங்கள்.

குளிரைப் பற்றி நீங்கள் நினைத்திருப்பதைவிட நிலைமை நல்லது. ஜனவரியில் பகலில் ஏழெட்டு டிகிரி, இரவில் ஒன்றிரண்டு டிகிரி இருக்கும். பூச்சியத்துக்குக் கீழே இறங்கும் இரவுகளும் உண்டு. படத்தில் பார்க்கும் பனிக்காலம் இங்கே சில நாள் வந்துவிட்டுப் போகும். மற்ற நாள்களெல்லாம் தூறல், சேறு, சாம்பல் நிற வானம். பருத்திப் பனியன், அதன்மேல் கம்பளி, அதற்கும் மேலே தண்ணீர் புகாத சட்டையும் கால்சட்டையும், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் என்று போட்டுவிட்டால் உங்கள் மகள் இரண்டாவது வாரமே குட்டையில் குதிப்பாள். மழை தூறும்போதும் பள்ளியில் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவார்கள். முதல் தடவை பார்க்கும்போது மனம் பதறும். பதற வேண்டாம். சளியை உண்டாக்குவது வைரஸ். அது வகுப்பறையிலும் வீட்டுக்குள்ளும்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவுகிறது. இது உறுதி. குளிர்ந்த காற்று மூக்கின் எதிர்ப்பைக் கொஞ்சம் தளர்த்துகிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. அதை நான் இன்னும் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாகப் பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு ஆண்டில் எட்டு முறை சளி பிடித்தாலும் அது இயல்பே. அதற்காக அவளை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள்.

குளிரை உடுப்பு பார்த்துக்கொள்ளும். வீட்டு ஈரத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை என் சொந்த வீட்டில் கற்றேன். 2005 டிசம்பரில் ஒரு பழைய கல்வீட்டில் குடியிருந்தோம். காற்று வருகிறதே என்று ஜன்னலின் மேல் இருந்த காற்றுத்துளைகளை ஒட்டுத்தாளால் அடைத்தேன். குழந்தைத் துணிகளை ரேடியேட்டர்மேல் காயப்போட்டேன். சோறு வடித்த ஆவியும் இட்லி ஆவியும் வெளியே போக வழியில்லை. ஜனவரி கடைசியில் பீரோவைத் திறந்து என் முகூர்த்தப் புடவையை எடுத்தபோது, அரக்கு நிறப் பட்டின் மடிப்பு ஓரமெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சை. பீரோவை நகர்த்தினால் பின்சுவர் இடுப்பளவு உயரத்துக்குக் கறுப்பு. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவனுக்கு நெஞ்சில் இழுப்பு இருந்ததற்கு அந்தச் சுவர்தான் காரணமா என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஈரமும் பூஞ்சையும் குழந்தைகளின் இழுப்பை மோசமாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை.

காரணம் எளியது. நான்கைந்து பேர் மூச்சு விட்டு, குளித்து, சமைத்து, துணி உலர்த்தினால் நாளொன்றுக்குப் பத்து லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வீட்டுக் காற்றில் கலக்கும். அது வீட்டிலேயே மிகக் குளிர்ந்த சுவரைத் தேடிப் போய்ப் படியும். நீங்கள் பார்த்திருக்கும் வீடு, இந்தப் பகுதியின் பெயர்போன கறுப்பு வெள்ளை மரச்சட்ட வீடுகளில் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். வெபிலி, பெம்பிரிட்ஜ் போன்ற ஊர்களில் தெருத்தெருவாக அவை நிற்கின்றன. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் செட்டிநாட்டு வீட்டுச் சுவர் மாதிரி: ஈரத்தை வாங்கும், மெல்ல வெளியே விடும். பிற்காலத்தில் அதன்மேல் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். அதனால் வீட்டைப் பார்க்கும்போது விட்டத்தின் அழகை விட்டுவிட்டு வெளிச்சுவர்களை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். வடக்குப் பக்கத்து அறையில் பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த ஒரே ஒரு சுவர் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வீடு எவ்வளவு சிக்கனமாகச் சூடேறும் என்று காட்டும் ஆற்றல் தரச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். வாடகை வீடு குறைந்தது 'ஈ' (E) தரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம்; சில பழைய வீடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

குடிவந்த பிறகு செய்ய வேண்டியது தினசரி வேலைதான். காலையும் மாலையும் பத்து நிமிடம் ஜன்னல்களை எதிரெதிராகத் திறந்து விடுங்கள். மாமியார் தடுப்பார், பக்குவமாகச் சொல்லுங்கள். பாத்திரத்தை மூடிச் சமையுங்கள், சமையலறை விசிறியை ஓட விடுங்கள். காலையில் கண்ணாடியில் வழியும் நீரைத் துணியால் துடைத்துத் தொட்டியில் பிழியுங்கள்; எவ்வளவு நீர் என்று பார்த்தாலே வீட்டின் நிலை தெரிந்துவிடும். துணியை ஒரே அறையில் கதவைச் சாத்தி, ஈரமுறிஞ்சி இயந்திரம் வைத்து உலர்த்துங்கள். சுவருக்கும் பீரோவுக்கும் இடையில் ஒரு கையளவு இடைவெளி விடுங்கள். ஈரப்பதமானி ஒன்று பத்து பவுண்டு வாக்கில் கிடைக்கும். அது 40க்கும் 60 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் நிம்மதி.

கைக்குழந்தையைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் நான் கவலைப்படுவது குழந்தை குளிரில் விறைத்துவிடும் என்று அல்ல, சூட்டில் புழுங்கிவிடும் என்று. நவம்பரில் ஒரு தமிழ் வீட்டுக்குப் போனால் ஹீட்டர் 25இல் இருக்கும்; குல்லா, காலுறை, இரண்டு ஸ்வெட்டர், மேலே கம்பளி என்று சுற்றப்பட்ட குழந்தையின் முகம் சிவந்திருக்கும். அன்பினால் செய்வது. ஆனால் உடம்பு அதிகமாகச் சூடேறுவது, தூக்கத்தில் குழந்தை காரணம் தெரியாமல் இறந்துபோகும் அபாயத்தைக் கூட்டுகிறது. குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரி இருந்தால் போதும். மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். வீட்டுக்குள் குல்லா வேண்டாம், ஏனென்றால் குழந்தை சூட்டை வெளியேற்றுவது தலை வழியாகத்தான். தளர்வான போர்வைக்குப் பதில் தோளில் மாட்டும் குழந்தைத் தூக்கப்பை நல்லது. அதன் தடிமனை 'டாக்' என்ற அளவில் சொல்வார்கள், இந்த வெப்பநிலைக்கு 2.5 டாக் சரியாக இருக்கும். கையும் காலும் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பிடரியிலோ மார்பிலோ கை வைத்துப் பாருங்கள், அங்கே இதமாக இருந்தால் சரி. வெந்நீர்ப் பையைத் தொட்டிலில் வைக்கவே கூடாது. காரில் ஏறியதும் தடித்த கோட்டைக் கழற்றிவிட்டு வாரைப் பூட்டுங்கள், கோட்டை மேலே போர்த்துங்கள். கோட்டோடு பூட்டிய வார் விபத்தில் இறுக்கிப் பிடிக்காது.

குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடும் வழக்கத்தை மாமியார் விட மனம் ஒப்பமாட்டார். நம் ஊரில் முற்றமும் திறந்த வாசலும் இருக்கும். மூடிய குளிர்கால வீட்டில் அந்தப் புகை குழந்தையின் நெஞ்சிலேயே தங்கும். கரிக்கங்கு வேறு கார்பன் மோனாக்சைடை வெளியிடும், அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விறகடுப்போ நிலக்கரி அடுப்போ இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்துவது வீட்டுக்காரரின் சட்டப்படியான கடமை. முதல் நாளே பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆள் வைத்துச் சுத்தம் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தவழும் பிள்ளை இருப்பதால் அடுப்பைச் சுற்றிச் சுவரில் திருகிய கம்பித் தடுப்பு அவசியம்.

அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம்வரை இங்கே வெயில் அடித்தாலும் அதில் தோல் வைட்டமின் டி தயாரிக்கும் அளவுக்கு வலு இல்லை. நம் நிறத்தவர்கள் ஆண்டு முழுக்க நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அரசின் பரிந்துரை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு 8.5 முதல் 10 மைக்ரோகிராம் சொட்டு மருந்தாகக் கொடுக்க வேண்டும். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் புட்டிப்பால் மாவு குடிக்கும் குழந்தைக்கு அது தேவையில்லை. வந்த வாரமே ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் குடும்பத்தையே பதிவு செய்யுங்கள். என்னைப் போன்ற ஒருவர் உங்கள் வீட்டுக்கு வருவதற்கும் அதுதான் வழி. குழந்தை வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லை, 12 மணி நேரமாக டயப்பர் நனையவில்லை என்றால் மருத்துவ ஆலோசனை எண்ணான 111ஐ அழையுங்கள். மூச்சு வாங்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் நேராக அவசர எண்ணான 999. மாவட்டம் முழுமைக்கும் அவசர சிகிச்சைப் பிரிவு ஹெரிஃபோர்ட் மருத்துவமனையில் மட்டும்தான். தூரத்துக் கிராமத்துக்கு ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்பதை மனதில் வைத்து, சந்தேகம் வந்ததுமே கூப்பிடுங்கள்.

காரைப் பற்றி ஏன் முதலிலேயே சொன்னேன் என்றால், கணவர் விடியும் முன்பே பண்ணைக்குப் போய்விடுவார். உங்கள் கிராமத்தில் பஸ் எத்தனை நாள் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பஸ் வரும் ஊர்கள் இங்கே உண்டு. இந்திய உரிமத்தை வைத்து இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதற்குள் இங்குள்ள எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் எழுதித் தேற வேண்டும். தேர்வுக்கு நாள் கிடைக்க மாதங்கள் ஆகலாம், வந்ததும் பதிந்துவிடுங்கள். மாவட்ட நிர்வாகம் பெரிய சாலைகளுக்குத்தான் உப்புத் தூவும், உங்கள் வீட்டுச் சந்துக்குத் தூவாது. பனி உறைந்த சாலையில் வண்டி நிற்க வழக்கத்தைவிடப் பத்து மடங்கு தூரம் பிடிக்கலாம். வெள்ளத்தையும் மறந்துவிடாதீர்கள். 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயலின்போது வை ஆறு கரைபுரண்டு ஹெரிஃபோர்டின் பல தெருக்கள் மூழ்கின. வீட்டின் அஞ்சல் குறியீட்டை அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் போட்டுப் பாருங்கள், இலவசம்தான்.

உங்கள் வீட்டில் குழாய் எரிவாயு இருக்காது. தோட்டத்தில் நிற்கும் பச்சைத் தொட்டியில் ஆயில் இருக்கும். நம் ஊர் மண்ணெண்ணெய்தான் அது. லாரி பெரும்பாலும் 500 லிட்டருக்குக் குறைந்து தராது. மின்சாரத்துக்கும் குழாய் எரிவாயுவுக்கும் உள்ள விலை உச்சவரம்பு இதற்குக் கிடையாது. பல கிராமங்களில் வீட்டார் ஒன்றுசேர்ந்து ஒரே நாளில் மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கிறார்கள், அந்தக் குழுவில் சேர்ந்துவிடுங்கள். தொட்டி வற்றும்வரை விடாதீர்கள், அடியில் தங்கிய கசடு குழாயை அடைத்துவிடும். நாள் முழுக்க மிதமாகச் சூடேற்றுவதா, காலையும் மாலையும் மட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பொறியாளர்களே இதில் ஒத்துப்போவதில்லை. கைக்குழந்தை உள்ள பழைய வீட்டில் மிதமான, விடாத சூடு நல்லது என்பது என் அனுபவம். உங்கள் செலவு எவ்வளவு ஆகும் என்பதை வீட்டைப் பார்க்காமல் நான் சொன்னால் அது வெறும் ஊகம். பாய்லரிலிருந்து வெளியே போகும் மெல்லிய வெள்ளைக் குழாய் உறைந்து போனால் பாய்லர் நின்றுவிடும். வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றினால் திறந்துகொள்ளும், கொதிநீர் ஊற்றினால் குழாய் வெடிக்கும்.

புயலில் மின்சாரம் போனால் அழைக்க வேண்டிய எண் 105. 2021 நவம்பரில் ஆர்வென் புயலில் நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டன. ஏறக்குறைய 4,000 வீடுகளுக்கு ஒரு வாரம் கடந்தும் மின்சாரம் திரும்பவில்லை. ஆயில் பாய்லர் ஓடவும் மின்சாரம் வேண்டும் என்பது பலருக்கும் அன்றுதான் தெரிந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீடுகள் மின்விநியோக நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் இலவசமாகச் சேரலாம். காய்ந்த விறகும், பிளாஸ்கும், டார்ச்சும் நவம்பரிலேயே வீட்டில் இருக்கட்டும். கழிவுநீர் தோட்டத்துத் தொட்டிக்குப் போகும் வீடாக இருந்தால் பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். இட்லி மாவை வெந்நீர்க் கலன் இருக்கும் அலமாரியில் வையுங்கள்; ராத்திரி வைத்தால் மறுநாள் மதியத்துக்குள் பொங்கி நிற்கும்.

இருட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டும். டிசம்பர் கடைசியில் காலை எட்டே காலுக்குத்தான் சூரியன் தலைகாட்டும், மாலை நான்கு மணிக்கெல்லாம் மறைந்துவிடும். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து பூட்ஸைக் கழற்றும்போதே இருட்டியிருக்கும். கணவர் வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். நான் பார்த்த தாய்மார்களை உடைத்தது பெரும்பாலும் அந்த மூன்று மணி நேரம்தான். பிரகாசமான விளக்கின் முன் உட்காரும் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிலருக்குப் பலன் தருகிறது, ஆனால் ஆய்வுச் சான்று இன்னும் தெளிவாகவில்லை. மழையோ மப்போ, பகல் பதினொரு மணிக்குக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள் என்பதை மட்டும் நான் தயங்காமல் சொல்வேன். வாரம் ஒருமுறை கிராம மண்டபத்தில் சிறு குழந்தைகளும் தாய்மாரும் கூடுவார்கள். முதல் இரண்டு வாரம் யாரும் அதிகம் பேசாவிட்டாலும் மூன்றாவது வாரமும் போங்கள். இங்கே அழைக்காமல் யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். அது வெறுப்பு இல்லை, கூச்சம். ஒரு தட்டில் முறுக்கோடு நீங்கள் போய்க் கதவைத் தட்டினால் போதும். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் எதிலும் ஒட்டவில்லை, அழுகை வருகிறது என்றால் உங்கள் ஹெல்த் விசிட்டரிடம் சொல்லுங்கள். அதைக் கேட்டு உதவுவதும் எங்கள் வேலையில் ஒரு பாதி.

உங்கள் கணவர் மாட்டு வைத்தியர் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இது ஆப்பிள் தோட்டங்களின் நாடு. ஜனவரியில் இங்கே தீப்பந்தங்களோடு தோப்புக்குப் போய், மூத்த மரத்தின் வேரில் ஆப்பிள் மதுவை ஊற்றி, கிளையில் ரொட்டித் துண்டைச் செருகி, வரும் ஆண்டு நன்றாகக் காய்க்க வேண்டும் என்று பாடுவார்கள். வாசெயில் என்று பெயர். சில ஊர்களில் பழைய நாள்காட்டிக் கணக்குப்படி ஜனவரி 17 அன்று நடக்கும். முற்காலத்தில் இந்த மாவட்டத்துப் பண்ணைகளில் ஜனவரியில் ஓர் இரவு தொழுவத்துக்கும் போயிருக்கிறார்கள். நடுவில் துளையிட்ட பெரிய கேக்கைச் சிறந்த எருதின் கொம்பில் மாட்டி, எருதை வாழ்த்திக் குடித்து, அது தலையை உதறிக் கேக்கை எந்தப் பக்கம் எறிகிறது என்று பார்த்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளிலேயே இது பதிவாகியிருக்கிறது. நம் மாட்டுப் பொங்கலுக்கும் இதற்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் அதே மாதத்தில், கொம்பில் பலகாரத்தோடு நிற்கும் ஒரு மாட்டை மனதில் பார்த்த அன்றுதான் எனக்கு இந்த ஊர் அந்நியமாகத் தோன்றாமல் போனது. உங்கள் மகளை ஒரு வாசெயிலுக்கு அழைத்துப் போங்கள். சட்டிகளைத் தட்டிச் சத்தம் எழுப்பக் குழந்தைகளைத்தான் முன்னால் நிறுத்துவார்கள்.

டிசம்பர் 25 அன்று ரயிலும் பெரிய கடைகளும் கிடையாது. அரிசியும் பாலும் முன்னாலேயே வாங்கி வையுங்கள். வீட்டைப் பார்க்க உங்கள் கணவர் முதலில் போவார் என்று எழுதியிருந்தீர்கள். குழந்தைகள் தூங்கப்போகும் அறையின் வடக்குச் சுவரையும், பாய்லரையும், ஆயில் எவ்வளவு மீதம் என்று காட்டும் தொட்டியின் அளவுக் குழாயையும் படமெடுத்து வரச் சொல்லுங்கள். அந்த அறைச் சுவரில் கை வைத்தபோது உள்ளங்கை நனைந்ததா என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். ஃபிளாட்டா, கிராமமா என்பதை அதற்குப் பிறகு சேர்ந்தே முடிவு செய்வோம்.